முதுகுக்குள் ஒரு ஷார்ட் சர்க்யூட்

போன வாரம் கிரிக்கெட், அதற்கு முந்தின வாரம் பஸ் கட்டணம், இந்த வாரம் முதுகுத் தண்டுவட ஆபரேஷனா என்று கேட்கப் போகிறீர்கள். கேளுங்கள், தப்பில்லை :-) கண்டது கற்கப் பண்டிதன் ஆவான் என்று நம்பித்தான் இந்தக் கடையைத் திறந்து வைத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவம் படிப்பவன் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மருந்தை நிறுத்தவும் வேண்டாம், ஆரம்பிக்கவும் வேண்டாம். ஆனால் ஒரு வியாதியைப் பற்றிக் கருத்துச் சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை. அதிலும் இந்த வியாதியின் அடிப்படை, பிளஸ் டூ இயற்பியல் படித்த எவருக்கும் புரியக்கூடிய விஷயம்.

என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று: வயதான ஒருவர் நடக்கத் தடுமாறினால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று சொல்லி விட்டுவிடுவது சில நேரம் ஒரு மனிதரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும். இரண்டு: கத்தி வைக்காத சிகிச்சைதான் எப்போதும் நல்ல சிகிச்சை என்ற நம்பிக்கை, இந்த வியாதியைப் பொறுத்தவரை சரியில்லை. இனி காரணங்களுக்கு வருவோம்.

அது என்ன வியாதி?

இரத்த ஓட்டம் எப்படி என்பது எல்லோருக்கும் தெரியும். இதயத்திலிருந்து தமனி வழியாக அதிக அழுத்தத்தோடு இரத்தம் போகிறது. தமனி கிளை கிளையாகப் பிரிந்து, முடியைவிட மெல்லிய தந்துகிகளாகிறது. அங்கேதான் ஆக்ஸிஜன் கொடுக்கல் வாங்கல். அதற்குள் அழுத்தம் நன்றாகக் குறைந்துவிடும். பிறகு சிரை வழியாக, சாதுவாக, இரத்தம் திரும்பி வருகிறது. வீட்டு வயரிங்கோடு ஒப்பிட்டால் தந்துகிகள்தான் பல்பு. பல்பைத் தாண்டாமல் இரண்டு வயரும் நேராக ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஷார்ட் சர்க்யூட்!

உடம்பில் தமனியும் சிரையும் அப்படி நேராக ஒட்டிக்கொள்வதற்கு ஃபிஸ்டுலா என்று பெயர். (ஃபிஸ்டுலா என்றதும் நம் ஊரில் பௌத்திரம்தான் ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு.) டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் கையில் "ஃபிஸ்டுலா போட்டிருக்கு" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1966-இல் நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ என்ற டாக்டர்களின் குழு பிரபலப்படுத்திய வழி அது. மணிக்கட்டருகே ஒரு தமனியையும் சிரையையும் வேண்டுமென்றே இணைத்து விடுவார்கள். தமனியின் அழுத்தம் நேராக வந்து மோதுவதால் சிரை பருத்துத் தடிக்கும். ஊசி குத்த வசதி. கையில் அது வரம்.

அதே இணைப்பு, யாரும் போடாமல், தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் டியூரா என்ற தடித்த உறையில் தானாக உண்டானால் அது சாபம். தண்டுவட டியூரா ஃபிஸ்டுலா என்று வைத்துக்கொள்வோம். ஒரு நரம்பு வேர் உறையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில், உறைக்கு இரத்தம் கொண்டுவரும் ஒரு பொடித் தமனி, தண்டுவடத்திலிருந்து இரத்தத்தை வெளியேற்றும் சிரையோடு ஒட்டிக்கொள்கிறது. ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு உறுதியான விடை இன்றுவரை இல்லை. பெரும்பாலும் நடு முதுகிலிருந்து மேல் இடுப்பு வரையுள்ள பகுதியில் வரும். தண்டுவடத்தில் வரும் இந்த மாதிரி இரத்தக்குழாய்க் கோளாறுகளில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த வகைதான்.

பெரும்பாலும் வருவது ஆண்களுக்கு. ஐந்து நோயாளிகளில் நான்கு பேர் ஆண்கள். வயது ஐம்பது, அறுபது. 30 வயதுக்குக் கீழே அபூர்வம்.

அழுத்தக் கணக்கு

மூளையில் இப்படி ஏதாவது வந்தால் வெடித்து இரத்தக் கசிவு ஆகுமோ என்று பயப்படுவோம். முதுகில் வரும் இந்த டியூரா ஃபிஸ்டுலா பொதுவாக வெடிப்பதில்லை. அதன் வழியே ஓடும் இரத்தம் ரொம்பக் குறைவு. பிறகு எப்படிக் கெடுக்கிறது?

இரத்தம் ஓட வேண்டுமென்றால் அழுத்த வித்தியாசம் வேண்டும். தமனிப் பக்கம் 100, சிரைப் பக்கம் 10 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 90. அந்த 90 தான் தண்டுவடத்துக்குள் இரத்தத்தைத் தள்ளுகிறது. இப்போது ஃபிஸ்டுலா வழியாகத் தமனியின் அழுத்தம் சிரைக்குள் புகுந்துவிட்டது. 1980-களின் கடைசியில் ஹாஸ்லர், துரோன் என்ற ஜெர்மானிய மருத்துவர்கள் ஆபரேஷன் நடக்கும்போதே அந்தச் சிரையில் அழுத்தத்தை அளந்து பார்த்தார்கள். உடம்பின் சராசரித் தமனி அழுத்தத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இருந்தது! நம் கணக்கில் சிரைப் பக்கம் 75 ஆனால், வித்தியாசம் வெறும் 25. ஒரு சொட்டு இரத்தம்கூட வெளியே கசியாமல் தண்டுவடம் மூச்சுத் திணறுகிறது. சாக்கடை அடைத்தால் வீட்டுக்குள் தண்ணீர் தேங்குவது போல, நீர் கோத்து வீங்குகிறது.

இன்னொரு வம்பு. தண்டுவடத்தின் மேல் ஓடும் இந்தச் சிரைகளில் வால்வு கிடையாது. அதனால் அழுத்தம் மேலும் கீழும் பரவும். பெரும்பாலும் முதலில் அடி வாங்குவது தண்டுவடத்தின் கீழ் நுனி. ஓட்டை நடு முதுகில் இருக்கலாம், அறிகுறி கால்களில் தெரியும். கூரையில் ஒரு இடத்தில் ஓட்டை, தண்ணீர் சொட்டுவது வேறு அறையில் என்பது போல. டாக்டர்களையே குழப்பும் விஷயம் இதுதான்.

அறிகுறிகள் மெதுவாக வரும். முதலில் பாதத்தில் மரத்துப்போனது போல், எறும்பு ஊர்வது போல். கொஞ்ச தூரம் நடந்தால் கால் துவளும், உட்கார்ந்தால் சரியாகும். மாடிப்படி ஏறக் கைப்பிடி தேவைப்படும். பிறகு மலச்சிக்கல். சிறுநீர் அடக்க முடியாமல் போகும் அல்லது வராமல் நிற்கும். ஆண்மைக் குறைவு. கடைசி மூன்றையும் நம் ஆட்கள் டாக்டரிடம் சொல்லவே கூச்சப்படுவார்கள். கேட்காத டாக்டரும் உண்டு.

கண்ணுக்குத் தெரிந்ததையே குற்றவாளி என்ற காலம்

இதன் வரலாறுதான் என்னை இதை எழுத வைத்தது.

1926-இல் பாரிஸில் ஷார்ல் ஃபுவா, தியோஃபில் அலாழுவானின் என்ற இரண்டு நரம்பியல் மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கால்கள் படிப்படியாகச் செயலிழந்து இறந்துபோன இரண்டு நோயாளிகளைப் பற்றியது. பிரேதப் பரிசோதனையில் தண்டுவடம் அழுகியிருந்தது, அதைச் சுற்றி இரத்தக்குழாய்கள் தடித்து முறுக்கிக் கிடந்தன. ஃபுவா அடுத்த வருடமே, 45 வயதில், இறந்துவிட்டார். அலாழுவானின் நெடுநாள் வாழ்ந்தார். இசையமைப்பாளர் மாரிஸ் ராவெல் பேச்சை இழந்தபோது கவனித்த மருத்துவர் அவர்தான். வியாதிக்கு இவர்கள் இருவரின் பெயரே நிலைத்தது. கூடவே, இது இரத்தக்குழாய் அடைத்து வருவது, திரும்பாதது, ஒன்றும் செய்ய முடியாது என்ற எண்ணமும் வெகுகாலம் நிலைத்துவிட்டது. பெயர் வைத்தாகிவிட்டது, கையை விரித்தாகிவிட்டது.

கையை விரிக்காத அறுவை சிகிச்சை நிபுணர்களும் இருந்தார்கள். முதுகைத் திறந்தால் தண்டுவடத்தின் மேல் கம்பளிப்புழு போலப் பருத்து நெளியும் சிரைகள் தெரியும். பார்த்த யாருக்கும் இதுதான் வியாதி என்றுதான் தோன்றும். ஆகவே பல முள்ளெலும்புகளின் பின்பக்கத்தை வெட்டித் திறந்து, அந்தச் சிரைகளை நீளத்துக்கு உரித்து எடுத்தார்கள். மணிக்கணக்கான வேலை. சிலர் தேறினார்கள், சிலர் இன்னும் மோசமானார்கள். காரணம் இப்போது நமக்குத் தெரியும். அந்தச் சிரைதான் தண்டுவடத்தின் வடிகால். அடைத்துக்கொண்ட சாக்கடையைச் சரிசெய்கிறேன் என்று குழாயையே பிடுங்கி எறிந்தால் எப்படி?

1960-களில் தண்டுவட ஆஞ்சியோகிராம் வந்தது. பாரிஸில் ஜின்ஜியான், அமெரிக்காவில் டி கிரோ, டாப்மன் ஆகியோர் தமனிக்குள் குழாய் விட்டு, சாயம் செலுத்தி, தண்டுவட இரத்தக்குழாய்களைப் படமெடுத்துக் காட்டினார்கள். 1974-இல் லண்டனில் அமினாஃப், பார்னார்ட், லோக் மூவரும் பிரச்சினையின் வேர் சிரை அழுத்தம்தான் என்று எழுதினார்கள். 1977-இல் பிரையன் கெண்டல், வாலன்டைன் லோக் இருவரும் முடிச்சை அவிழ்த்தார்கள். ஓட்டை தண்டுவடத்தின் மேல் இல்லை; பக்கவாட்டில், நரம்பு வேரின் உறையில் இருக்கிறது. நெளியும் சிரைகள் குற்றவாளி இல்லை, பாதிக்கப்பட்டவை. அங்கே அந்த ஒரு இணைப்பைத் துண்டித்தால் போதும்.

கவனியுங்கள், கெண்டல் கதிரியக்கப் படம் பார்ப்பவர், லோக் கத்தி பிடிப்பவர். இரண்டு துறையும் சேர்ந்து உட்கார்ந்தபோதுதான் விடை கிடைத்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆபரேஷன் எப்படி?

பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். தண்டுவடம், டியூரா, மைக்ரோ சர்ஜரி... ஆனால் ஆபரேஷனின் மையம் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது.

முதல் வேலை இடத்தைக் கண்டுபிடிப்பது. உண்மையில் பாதி வைத்தியம் இதுதான். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தண்டுவடம் நீர் கோத்து வெளுத்துத் தெரியும், அதன் பின்புறம் பருத்த சிரைகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். ஆனால் ஓட்டை எங்கே என்று அது பெரும்பாலும் சொல்லாது. அதற்கு ஆஞ்சியோகிராம். தொடை இடுக்கில் குழாய் விட்டு, ஒவ்வொரு விலா எலும்புக்கும் முள்ளெலும்புக்கும் போகும் தமனிகளை, இடம் வலம் இரண்டு பக்கமும், ஒவ்வொன்றாகச் சாயம் செலுத்திப் பார்க்க வேண்டும். அங்கே கிடைக்காவிட்டால் இடுப்புக்குக் கீழேயும் கழுத்திலும் தேட வேண்டும். பொறுமையான வேலை.

இடம் தெரிந்த பிறகு நோயாளியை மயக்கத்தில் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். எக்ஸ்ரே பார்த்து முள்ளெலும்புகளை எண்ணுகிறார்கள். இங்கே ஒன்று தப்பினால் எல்லாம் தப்பு. அந்த இடத்தில் முள்ளெலும்பின் பின்பக்க ஓட்டில் ஒரு பகுதியை எடுத்து, மைக்ரோஸ்கோப்பின் கீழ் டியூராவைத் திறக்கிறார்கள். நரம்பு வேரோடு சேர்ந்து உள்ளே நுழையும் ஒரு சிரை, நீலமாக இருக்க வேண்டியது, சிவப்பாக இருக்கும். தமனி இரத்தம் அல்லவா! அதன் மேல் தற்காலிகமாக ஒரு சின்ன கிளிப் போடுவார்கள். சற்று நேரத்தில் தண்டுவடத்தின் மேல் புடைத்திருந்த சிரைகள் தளர்ந்து, சிவப்பு மாறி நீலம் ஆகும். இப்போது ஒளிரும் பச்சைச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பிலேயே உறுதி செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. பிறகு அந்தச் சிரையை மின்சாரத்தால் சுட்டு வெட்டிவிடுகிறார்கள். உறையைத் தைத்து மூடுகிறார்கள். அவ்வளவுதான்!

உரிப்பதும் இல்லை, பிடுங்குவதும் இல்லை. ஒரு வயரை வெட்டுகிறார்கள், ஷார்ட் சர்க்யூட் போய்விடுகிறது.

ஆபத்து இல்லாமல் இல்லை. தண்டுவட நீர் கசியலாம், தொற்று வரலாம், இரத்தம் கட்டலாம். முழு மயக்கத்தை இதயம் தாங்க வேண்டும். எந்த ஆபரேஷனிலும் இதெல்லாம் உண்டு.

பசையா, கத்தியா?

இனிமேல்தான் சண்டை :-)

இன்னொரு வழியும் இருக்கிறது. ஆஞ்சியோகிராம் எடுக்கும் அதே குழாய் வழியாக, ஓட்டை இருக்கும் இடத்துக்கு ஒரு பசையை அனுப்பி அடைத்துவிடலாம். அக்ரிலிக் பசை, பிறகு ஓனிக்ஸ் என்ற திரவம், இரண்டும் புழக்கத்தில் உள்ளன. முதுகைக் கிழிக்க வேண்டாம், தையல் இல்லை. நோயைக் கண்டுபிடித்த அதே மேஜையில் சிகிச்சையும் முடியலாம். கேட்கவே நன்றாக இருக்கிறது. எனக்கும் நன்றாகத்தான் இருந்தது, எண்களைப் பார்க்கும்வரை.

2004-இல் அமெரிக்காவில் ஸ்டைன்மெட்ஸ் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்குப் போட்டது. ஆபரேஷனில் ஃபிஸ்டுலா மூடியது 98 சதவீதம். பசையில் 46 சதவீதம். "அது பழைய பசை, இப்போது ஓனிக்ஸ் வந்துவிட்டது" என்று ஒரு பதில் உண்டு. நியாயமான பதில். 2015-இல் பாக்கர் குழு மறுபடி திரட்டியது. ஆபரேஷன் 96.6 சதவீதம், பசை 72.2 சதவீதம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நாலு பேரில் ஒருவருக்கு மூடவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? பசை, தமனியைத் தாண்டி, ஓட்டையைத் தாண்டி, சிரையின் முதல் பகுதி வரைக்கும் போய் உறைய வேண்டும். தமனியிலேயே உறைந்துவிட்டால் டியூராவின் பக்கத்துக் கிளைகள் சில மாதத்தில் வேறு வழி திறந்துவிடும். வெளியூர் லாரி மெயின் ரோட்டை மூடினால் சந்து வழியாக வருவது போல. அதிகமாகப் போய்விட்டால் தண்டுவடத்தின் வடிகாலே அடைபடும். அதோடு, தண்டுவடத்துக்கு உயிர் கொடுக்கும் பெரிய தமனி ஒன்று உண்டு. 1882-இல் அதை விவரித்த அடாம்கீவிச் பெயரால் அழைக்கப்படுகிறது. சிலருக்கு அதுவும் ஃபிஸ்டுலாவுக்குப் போகும் தமனியும் ஒரே கிளையிலிருந்து பிரியும். அங்கே பசையை விட்டால் நிரந்தர வாதம் வந்துவிடக்கூடும். அவர்களுக்கு ஆபரேஷன் தவிர வழியில்லை.

என் கருத்து இது. தழும்பின் நீளத்தை வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "கீ ஹோல்", "தையல் இல்லை", "மறுநாளே வீட்டுக்கு" என்று விளம்பரப் பலகைகளில் பார்த்துப் பார்த்து, கத்தி என்றாலே பழைய வைத்தியம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். பித்தப்பைக் கல்லுக்கு அது சரி. இங்கே தண்டுவடம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. முக்கால்வாசி மூடிய ஓட்டை என்பது மூடாத ஓட்டைதான். அதைவிட மோசம், "சிகிச்சை ஆகிவிட்டது" என்ற பொய்யான நிம்மதி. அடுத்த ஆறு மாதம் கால் இன்னும் பலவீனமானால், தேற நாளாகும் என்று காத்திருப்பார்கள்.

அதற்காகப் பசையே கூடாது என்று சொல்லவில்லை. இதயம் பலவீனமாக, முழு மயக்கம் தாங்காத நிலையில் உள்ள ஒரு முதியவருக்கு அதுவே நல்ல வழியாக இருக்கலாம். இரத்தக்குழாய் அமைப்பு வசதியாக இருந்து, அதே மேஜையில் முயன்று பார்த்து, பசை சிரை வரை போனதைப் படத்தில் உறுதி செய்தால், நல்லதுதான். போகவில்லையென்றால் காத்திருக்காமல் ஆபரேஷனுக்கு அனுப்ப வேண்டும். அதற்குப் படம் பார்ப்பவரும் கத்தி பிடிப்பவரும் ஒரே அறையில் பேச வேண்டும். கெண்டலும் லோக்கும் செய்தது அதைத்தான். எந்தத் துறையின் கதவை முதலில் தட்டினோமோ அந்தத் துறையின் சிகிச்சை கிடைப்பது வைத்தியம் இல்லை, அதிர்ஷ்டம்.

நிஜமான வில்லன் தாமதம்

இவ்வளவு சண்டை போட்டாலும், பசைக்கும் கத்திக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு எப்போது வந்தார் என்பது. அமினாஃப்பும் லோக்கும் 1974-இல் சிகிச்சை பெறாத நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து எழுதினார்கள். கால் தொந்தரவு ஆரம்பித்து 3 வருடத்துக்குள் பாதிப் பேர் கடுமையாக முடங்கிவிட்டார்கள். இன்றும், எம்.ஆர்.ஐ. எங்கும் கிடைக்கும் காலத்திலும், அறிகுறி தொடங்கி நோய் தெரிய ஒரு வருடம், இரண்டு வருடம் ஆவது சாதாரணமாகச் சொல்லப்படுகிறது.

இடையில் என்ன நடக்கும்? சர்க்கரை நரம்புத் தளர்ச்சி என்பார்கள். டிஸ்க் விலகல் என்பார்கள். சிறுநீர்ப் பிரச்சினைக்கு ப்ராஸ்டேட் என்பார்கள். அறுபது வயதுக்காரருக்கு ஸ்கேன் எடுத்தால் டிஸ்க் தேய்மானம் இருக்கத்தான் செய்யும், ப்ராஸ்டேட் வீங்கித்தான் இருக்கும். அதாவது, தேடினால் கிடைக்கும் பொய்க் குற்றவாளிகள் தயாராக நிற்கிறார்கள். 1977-க்கு முன் நெளியும் சிரைகளைப் பிடித்த அதே கதை! சிலருக்குத் தேவையில்லாத டிஸ்க் ஆபரேஷனே நடந்துவிடுகிறது. இன்னொரு கொடுமை: தண்டுவட அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு ஏற்றினால், இந்த நோயாளிகள் சிலருக்கு ஓரிரு நாளில், சிலருக்குச் சில மணி நேரத்திலேயே, கால்கள் இன்னும் மோசமாவது பலமுறை பதிவாகியிருக்கிறது.

ஆபரேஷன் ஓட்டையை அடைக்கும். செத்துப்போன நரம்பைப் பிழைக்க வைக்காது. ஸ்டைன்மெட்ஸ் குழுவின் கணக்கில் ஆபரேஷனுக்குப் பின் பத்தில் ஒன்பது பேர் தேறினார்கள் அல்லது மேலும் மோசமாகாமல் நின்றார்கள். அந்த "அல்லது" முக்கியம். கைத்தடியோடு வந்தவர் கைத்தடியோடாவது நடப்பார். படுக்கையில் வந்தவருக்கு அந்த உத்தரவாதம் இல்லை. நடை ஓரளவு திரும்பும்; சிறுநீர்க் கட்டுப்பாடும் ஆண்மையும் அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை.

"அபூர்வமான வியாதிக்கு இவ்வளவு கவலை தேவையா?" என்று கேட்கலாம். பத்து லட்சம் பேருக்கு வருடத்தில் 5 முதல் 10 பேர் என்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. இங்கும் அதே விகிதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 360 முதல் 720 பேர். அத்தனை குடும்பங்களுக்கும் அது அபூர்வம் இல்லை. மேலும், சரிசெய்யக்கூடிய தண்டுவட நோய்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தையும் தவறவிடுவதற்கு மன்னிப்பு கிடையாது.

ஒரு நியாயமான எதிர்வாதம்: கால் மரத்துப்போன ஒவ்வொருவருக்கும் ஆஞ்சியோகிராம் எடுக்க முடியுமா? முடியாது, கூடாது. அதுவும் ஆபத்து உள்ள பரிசோதனை. ஆனால் கேள்வி கேட்கக் காசு ஆகாது. இரண்டு காலும் சேர்ந்து, மாதக் கணக்கில், படிப்படியாகப் பலவீனமாகிறதா? நடந்தால் அதிகமாகி உட்கார்ந்தால் குறைகிறதா? கூடவே சிறுநீர், மலத்தில் மாற்றமா? ஆமென்றால், எம்.ஆர்.ஐ.யை இடுப்போடு நிறுத்தாமல் நடு முதுகையும் சேர்த்து எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம். தண்டுவடம் பெரும்பாலானோருக்கு மேல் இடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. கீழ் முதுகை மட்டும் எடுத்தால் வியாதி படத்துக்கு வெளியே நிற்கும்.

அப்பாவோ, பெரியப்பாவோ, தாத்தாவோ பஸ் படியில் ஏறத் தயங்கினால், "கையைக் கொடுங்க" என்று தூக்கிவிடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். "எத்தனை நாளா இப்படி?" என்று கேளுங்கள். கூச்சப்படும் கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் "வயசாச்சுப்பா" என்பார்கள். வயசு ஆகட்டும். ஷார்ட் சர்க்யூட் வயசுக் கணக்கில் வராது.

மருத்துவம் படிக்கும் நண்பர்கள் யாராவது இதில் பிழை கண்டால் சொல்லுங்கள், திருத்திவிடலாம். பசைக் கட்சிக்காரர்கள் சண்டைக்கு வந்தாலும் வரவேற்கிறேன் :-)